பல்லில் தங்கிய தண்ணீர்

ஒரு தண்ணீர் நல்லதா கெட்டதா என்று சொல்ல எங்கள் அப்பாயிக்கு ஆய்வுகூடம் எதுவும் தேவைப்பட்டதில்லை. அதில் ஒரு பிளேன்ரீ ஊற்றிப் பார்ப்பார். மலையகத்தில் மஸ்கெலியாப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் முப்பது வருடத்துக்கு மேல் கொழுந்து பறித்தவர் என்பதால், சாயம் எந்த நிறத்தில் இறங்க வேண்டும் என்பதில் அவரிடம் விட்டுக்கொடுப்பே கிடையாது. லயத்துக்கு, அதாவது தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடுகளுக்குப் பின்னால் மலையிலிருந்து இறங்கி வந்து விழுகிற பீலித் தண்ணீரில் ஊற்றிய தேநீரின் நிறத்தையே வாழ்நாள் முழுவதும் அளவுகோலாக வைத்திருந்தார். தமிழருக்கு எதிரான 1977 வன்செயலுக்குப் பிறகு வன்னிக்கு வந்து சேர்ந்த எங்கள் குடும்பம் மலையகத்தில் எதை விட்டுவிட்டு வந்தது என்று கேட்டால், அப்பா வேலையைச் சொல்வார், அத்தை லயத்து வீட்டைச் சொல்வார். அப்பாயி மட்டும் பீலியைச் சொல்வார்.

ஊரின் பெயரை எழுதவில்லை. வவுனியா மாவட்டத்தின் வடக்கே, பஸ் நிற்கும் சந்தியிலிருந்து காட்டுப்பாதையில் ஐந்து மைல் உள்ளே என்று சொன்னால் போதும். எங்களைப் போல மலையகத்திலிருந்து வந்தவர்களைக் குடியமர்த்த அந்த நாட்களில் காந்தீயம் அமைப்பு வன்னியில் பெரும் வேலை செய்தது. நாங்களும் அந்த அலையோடு வந்தவர்கள்தான். காடு வெட்டிக் குடிசை போடுவதைப் பழகிக்கொள்ள முடிந்தது. பழக முடியாதது கோடை. வருடத்தில் பெரும்பாலான மாதங்களில் மழை பார்த்து வளர்ந்தவர்களுக்கு, ஒக்டோபரில் தொடங்கி டிசம்பரோடு மாரி முடிந்துவிடும், அதன்பிறகு வானத்தை நம்பக்கூடாது என்பது விளங்கவே இரண்டு வருடம் பிடித்ததாம். சோளகம் என்ற தென்மேற்குக் காற்று வீசத் தொடங்கினால் ஊரின் சிறிய குளம் ஒரு மாதத்தில் வற்றி வெடித்துவிடும். பிறகு பூவல்தான்.

பூவல் என்றால் என்னவென்று இப்போதுள்ள பிள்ளைகளுக்குத் தெரியாது. வற்றிய குளத்தின் அடிமணலில் கை முழங்கை வரை போகும்படி ஒரு குழி தோண்டி, அருகில் குந்தியிருந்து காத்திருக்க வேண்டும். அரிசி கழுவிய நீர் போலக் கலங்கலாகத் தண்ணீர் ஊறும். அதைச் சிரட்டையால் ஒவ்வொரு வாயாக மொண்டு குடத்தில் ஊற்ற வேண்டும். ஒரு குடம் நிறைய ஒரு மணித்தியாலம் ஆகும். நாம் போகுமுன் எருமை போயிருந்தால் அந்தக் குழி வேண்டாம் என்று புதிதாக ஒன்று தோண்ட வேண்டும். பழைய கிராமத்தில் கட்டுக்கிணறு ஒன்று இருந்தது. ஆனால் தோட்டக்காட்டார் என்று எங்களை அழைத்தவர்கள் அதன் துலாவில் எங்களைக் கை வைக்க விடவில்லை. 1980 ஓகஸ்ட் மாதத்தில் என் அத்தையின் ஒன்பது மாதக் குழந்தை வயிற்றோட்டத்தில் இறந்தது. அந்தக் கோடையில் ஊரில் இறந்த குழந்தை அது ஒன்றல்ல.

கன்னியர் மடத்திலிருந்து சிஸ்டர்மார் இருவர் அந்த வருடம்தான் முதலில் வந்தார்கள். மருந்தோடுதான் வந்தார்கள்; தண்ணீரைப் பற்றி அவர்களும் யோசித்திருக்கவில்லை. அதில் ஒருவர் மன்னார்க் கரையைச் சேர்ந்தவர், உயரமானவர், சைக்கிள் ஓட்டுபவர். நான் இங்கே சிஸ்டர் என்று எழுதுவதெல்லாம் அவரைத்தான். பூவலில் அப்பாயியோடு ஒரு விடியற்காலை முழுவதும் குந்தியிருந்துவிட்டு, மருந்து கொண்டுவந்து பயனில்லை என்று மடத்தில் போய்ச் சொன்னாராம். அடுத்த ஒன்றரை வருடம் அவர் ஆயருக்கும் வெளிநாட்டுத் திருச்சபைகளுக்கும் கடிதம் எழுதினார். 1982 இல் துளையிடும் இயந்திரம் வந்தது. வழியில் இரண்டு இடங்களில் புதைந்த அந்த லொறியை ஊரே சேர்ந்து இழுத்தது. மேல்மண்ணும் உக்கிய கல்லும் கழிந்து கரும்பாறைக்குள் இறங்கி, 140 அடியில் வெடிப்பொன்றில் தண்ணீர் கிடைத்தது. அப்போது எனக்கு ஒரு வயது. ஆகவே இதுவரை எழுதியதெல்லாம் கேட்டறிந்தவை.

மேலே பொருத்தப்பட்டது இந்தியா மார்க் 2 வகைக் கைப்பம்பி. அந்தப் பம்பியின் பிறப்பிலேயே மிஷனரிகளின் கை உண்டு என்பது எனக்கு மிகவும் பிந்தித்தான் தெரிந்தது. 1960களின் பிற்பகுதி வறட்சியின்போது இந்தியாவில் குழாய்க்கிணறுகள் வேகமாகத் தோண்டப்பட்டன. ஆனால் ஒரு வீட்டுக்கென வார்ப்பிரும்பில் செய்த பம்பிகளை ஒரு கிராமமே அடித்தபோது அவை சில வாரங்களில் உடைந்துபோயின. மகாராட்டிரத்தில் ஜால்னா, சோலாப்பூர் பகுதிகளில் கிறித்தவ மிஷன்களோடு சேர்ந்த பட்டறைகள் உருக்கினால் உறுதியான பம்பிகளைச் செய்யத் தொடங்கின. சோலாப்பூர்ப் பம்பியை அடிப்படையாகக் கொண்டு இந்திய அரசும் யுனிசெப்பும் 1970களின் பிற்பகுதியில் உருவாக்கியதுதான் மார்க் 2. தலைப்பெட்டிக்குள் பிடியையும் கம்பியையும் இணைக்கும் ஒரு சங்கிலி, நிலத்துக்கடியில் உருளைக்குள் ஏறி இறங்கும் ஓர் உந்து, அதைச் சுற்றித் தோல் வாசர். அவ்வளவுதான் அதன் இரகசியம். அந்தத் தோல் வாசர் தேய்ந்தால் பிடி வெறுமனே ஆடும், தண்ணீர் வராது.

பம்பியை எங்கே வைப்பது என்பதில் சிஸ்டர் காட்டிய பிடிவாதத்தைப் பற்றி அப்பா அடிக்கடி சொல்வார். எங்கள் குடியிருப்புக்கும் பழைய கிராமத்துக்கும் நடுவே, இரண்டு பக்கத்தாரும் வர வேண்டிய இடத்தில்தான் துளைக்க வேண்டும் என்று நின்றார். அடுத்த ஓகஸ்டில் அந்தக் கட்டுக்கிணறு வற்றியபோது, துலாவில் கை வைக்க விடாதவர்கள் குடத்தோடு எங்களுக்குப் பின்னால் வரிசையில் நின்றார்கள். அதை ஒரு வெற்றி போல அப்பா சொல்வதை நான் இரசித்ததில்லை. ஆனால் வரிசை நடந்தது உண்மை.

மதம் மாற்றவா தண்ணீர் தந்தார்கள் என்ற கேள்வியை இன்றைக்கு வன்னியில் பலர் கேட்கிறார்கள், கேட்கத்தான் வேண்டும். அப்பாவும் அன்றே நேரில் கேட்டார். "கேட்டால் சொல்லுவன், கேட்காமல் சொல்ல மாட்டன்" என்பது சிஸ்டரின் பதில். முப்பத்தெட்டுக் குடும்பங்களில் மூன்று கத்தோலிக்கமாயின. அதில் ஒன்று சில வருடங்களில் மாரியம்மனிடமே திரும்பிவிட்டது. அப்பாயி மாரியம்மன் படத்துக்குப் பக்கத்தில் மன்னார்ப் பக்கத்து மடுத் திருத்தலத்தின் மாதா படத்தையும் மாட்டிக்கொண்டார். மருதமடு என்ற பெயரிலேயே மடு இருக்கிறது, நீர்நிலையின் பெயரால் நிற்கிற தாய் நமக்கு அந்நியமில்லை என்பது அவருடைய தர்க்கம். மிஷன் என்று வந்தவர்களுக்கு மிஷன் நோக்கமே இல்லை என்று நான் வாதாட மாட்டேன். நோக்கத்தைவிட, வந்தவர் எத்தனை வருடம் நின்றார் என்பதையே நான் எண்ணிப் பார்க்கிறேன்.

சிஸ்டர் நின்றார். 1986 அளவில் பம்பித் தண்ணீரில் ஊற்றிய பிளேன்ரீ மை போலக் கறுக்கத் தொடங்கியது. இரும்புக் குழாய் உள்ளே துருப்பிடித்து, அந்த இரும்பு தேயிலைச் சாயத்தோடு சேர்ந்தால் நிறம் அப்படித்தான் மாறும். அப்பாயிக்கு வேதியியல் தெரியாது, கோபம் தெரியும். அடுத்த முறை சிஸ்டர் வந்தபோது ஒரு கோப்பை கறுத்த தேநீரை ஊற்றி, ஒன்றும் பேசாமல் முன்னால் வைத்தார். சிஸ்டரும் ஒன்றும் பேசாமல் அதைக் கடைசிச் சொட்டு வரை குடித்தார். மறுவாரம் குழாய்களோடு வந்தார்.

குழாய் மாற்றும் வேலையை நான் பார்த்திருக்கிறேன். மூன்று பாலைமரக் கம்புகளை முக்காலியாக நட்டு, சங்கிலி கட்டி, ஆண்கள் பத்துப் பேர் இழுக்க, மூன்று மீற்றர் நீளக் குழாய்கள் ஒவ்வொன்றாக மேலே வரும். ஒவ்வொரு மூட்டையும் பெரிய றெஞ்சால் கழற்ற வேண்டும். கை வழுக்கினால் மிச்சக் குழாய் முழுவதும் பாறைக்குள் விழுந்துவிடும் என்பதால் அந்த நேரத்தில் யாரும் மூச்சுக்கூட விட மாட்டார்கள். சிஸ்டர் அங்கியின் கையை மடித்துவிட்டு, வாயில் ஒரு ஆணியைக் கடித்துக்கொண்டு, மோனிற்றர் கொப்பி என்ற பெரிய குறிப்பேட்டில் திகதி எழுதிக்கொண்டிருப்பார்: எந்த வாசர் எப்போது போட்டது, எத்தனை மாதம் உழைத்தது. 1990களில் பொருளாதாரத் தடையால் சீமெந்தும் இரும்புக் குழாயும் வன்னிக்குள் வருவது நின்றுபோனபோது, தோற்செருப்பின் அடியை வட்டமாக வெட்டி, தேங்காயெண்ணெயில் ஊறவைத்து வாசராகப் போடும் வித்தையை அப்பாவுக்குக் கற்றுக்கொடுத்தவரும் அவர்தான். செருப்பு வாசர் நான்கு மாதம் தாங்கும் என்று அந்தக் கொப்பியில் இருக்கிறது.

இத்தனைக்குப் பிறகுதான் பல்லின் கதை வருகிறது. பம்பி வந்த பிறகு வயிற்றோட்டத்தில் குழந்தை சாவது எங்கள் ஊரில் ஏறக்குறைய நின்றுபோனது. ஆனால் அதன்பின் வளர்ந்த எங்களுக்குப் பால்பல் விழுந்து முளைத்த பற்கள் சுண்ணாம்புத் திட்டோடு முளைத்து, பிறகு காவி நிறமாகின. பட்டணத்துப் பள்ளிக்கூடத்தில் சேர்ந்தபோது, இந்த வயதிலேயே வெற்றிலையா என்று கேட்டார்கள். நான் கையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்கப் பழகினேன். பின்னாளில் என்னைப் பெண் பார்க்க வந்தவர்கள் அதை அடக்கம் என்று எடுத்துக்கொண்டது வேறு கதை. சூத்தை என்றார்கள், பல் துலக்காத குறை என்றார்கள், பரம்பரை என்றார்கள். வெற்றிலைக் கறையைத் தேய்த்தால் வெள்ளையாக இருந்த அப்பாயியின் பல்லைப் பார்த்திருந்தால் பரம்பரை என்று யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள்.

2002 இல் போர் ஓய்ந்து ஏ9 வீதி திறந்தபோது, அறுபதைத் தாண்டியிருந்த சிஸ்டர் முதலில் செய்த காரியங்களில் ஒன்று, எங்கள் பம்பித் தண்ணீரை இரண்டு பிளாஸ்டிக் போத்தல்களில் அடைத்துப் பரிசோதனைக்குக் கொண்டுபோனது. யாரும் கேட்டு அவர் அதைச் செய்யவில்லை. எங்கள் பற்களை இருபது வருடமாகப் பார்த்துக்கொண்டிருந்தவர் அவர். முடிவு வந்தபோது, புளோரைட்டு அனுமதிக்கப்பட்ட அளவைப்போல இரண்டு மடங்குக்கும் மேல் இருந்தது. உலக சுகாதார நிறுவனம் சொல்லும் எல்லை லீற்றருக்கு 1.5 மில்லிகிராம், வெயில் நாட்டில் மனிதர் கூடுதலாகத் தண்ணீர் குடிப்பார்கள் என்பதால், இன்றைய இலங்கைத் தரம் 1.0 மில்லிகிராம்தான். வன்னியின் பெரும்பகுதிக்கு அடியிலுள்ள பழம்பாறையில் புளோரைட்டுக் கொண்ட கனிமங்கள் உண்டு. வெடிப்புகளில் தண்ணீர் எவ்வளவு காலம் கிடக்கிறதோ அவ்வளவுக்கு அது கரைந்து ஏறும். மலையகத்தில் கொட்டும் மழை அதைக் கழுவிக்கொண்டு போய்விடுகிறது; இங்கே கழுவ மழையில்லை. கிருமி இல்லாத ஆழத்துத் தண்ணீர் என்று எதை நம்பித் துளைத்தார்களோ, அந்த ஆழத்தில்தான் புளோரைட்டும் இருந்தது. பல் முளைக்குமுன் தாடைக்குள் உருவாகும் வயதில் அதைக் குடித்தவர்களுக்கே கறை. இன்னொன்றையும் சொல்ல வேண்டும்: சிஸ்டர் சொன்னபடி அப்பாயி இருபது வருடமும் தண்ணீரைக் கொதிக்க வைத்தே எங்களுக்குத் தந்தார். கொதித்தால் கிருமி சாகும், புளோரைட்டு போகாது. நீர் ஆவியாகப் போக அது கொஞ்சம் செறியத்தான் செய்யும்.

அந்தத் தாளை மடத்திலேயே ஒரு கோப்பில் வைத்துவிட்டிருந்தால் எங்களில் ஒருவருக்கும் தெரிந்திருக்காது. சிஸ்டர் அதை எடுத்துக்கொண்டு வந்து, பம்பியடியில் இரண்டு ஊராரையும் கூப்பிட்டு, நின்றுகொண்டே சொன்னார். "நாங்கள் தந்த தண்ணிதான் உங்கட பிள்ளையளின்ர பல்லைப் பழுதாக்கினது. தெரியாமல்தான் செய்தம். ஆனால் செய்தது நாங்கள்தான்." நான் அப்போது அங்கே இருந்தேன். யாரும் பேசவில்லை. பிறகு அப்பாயிதான் தடியை ஊன்றி எழுந்தார். "அன்னைக்கு அந்தத் தண்ணி இல்லாட்டிப் புள்ளைகளே இருந்திருக்காது சிஸ்டரம்மா. பல்லு கெடக்குது, பல்லு." அவர் சொன்னது சரி. ஆனாலும் சிஸ்டர் தலையசைக்கவில்லை. அந்த மன்னிப்பை அவர் எடுத்துக்கொண்டதாக எனக்குத் தோன்றவில்லை. எனக்கும் அன்று அதைக் கொடுக்க மனம் வரவில்லை என்பதையும் எழுதிவிடுகிறேன்.

வங்காளதேசத்தில் இதைவிடப் பெரிதாக நடந்தது. குளத்து நீரைக் குடித்து வயிற்றோட்டத்தில் குழந்தைகள் சாவதைத் தடுக்க 1970களிலிருந்து யுனிசெப் உதவியோடு இலட்சக்கணக்கான குழாய்க்கிணறுகள் போட்டார்கள். பிறகு அவற்றில் பலவற்றில் ஆர்செனிக் இருப்பது தெரிந்தது. ஆகாத பம்பிக்குச் சிவப்பும் ஆகும் பம்பிக்குப் பச்சையும் அடித்தார்கள். எங்கள் பம்பியின் பிடியிலும் சிஸ்டர் சிவப்பு மை பூசினார். குளிக்கலாம், துவைக்கலாம், கன்றுக்குட்டிக்கு ஊற்றலாம். குடிக்கவும் சமைக்கவும் வேண்டாம்.

அப்படியானால் எதைக் குடிப்பது? கூரைத் தண்ணீரை என்றார். எல்லோரும் சிரித்தார்கள். அப்போதுதான் அவர் தமக்கு மிகவும் பிடித்த, 17ஆம் நூற்றாண்டில் கோவாவிலிருந்து இலங்கைக்கு வந்த கத்தோலிக்கக் குரு யோசேப் வாஸ் அடிகளின் கதையைச் சொன்னார். கண்டியில் கடும் வறட்சி வந்தபோது மன்னன் இரண்டாம் விமலதர்மசூரியன் கேட்டுக்கொள்ள, வாஸ் அடிகள் வெளியில் பீடம் அமைத்து மன்றாடினார், மழை கொட்டியது, அவர் மட்டும் நனையவில்லை என்பது அந்தக் கதை. "மழை பெய்ததை எல்லாரும் சொல்லுகினம். அந்த மழைக்கு ஆரும் குடம் வைச்சவையோ எண்டு ஒருத்தரும் எழுதேல்லை" என்று அவர் முடித்தபோது, முதலில் சிரித்தது அந்த மூன்று கத்தோலிக்கக் குடும்பங்களில் மிஞ்சிய இரண்டும்தான்.

கணக்கை அவர் மண்ணில் குச்சியால் போட்டுக் காட்டினார். ஒரு சதுர மீற்றர் கூரையில் ஒரு மில்லிமீற்றர் மழை பெய்தால் ஒரு லீற்றர் தண்ணீர். நாற்பது சதுர மீற்றர் கூரையில் 200 மில்லிமீற்றர் பெய்தால் 8,000 லீற்றர். சிந்தியது போக, நல்ல மாரியில் ஒரு மாதம் போதும். குடிக்கவும் சமைக்கவும் மட்டும் ஆளுக்கு ஐந்து லீற்றர் என்று ஐந்து பேருள்ள வீடு நாளுக்கு 25 லீற்றர் எடுத்தால், 320 நாள் வரும். கம்பிவலையில் சீமெந்து பூசிக் கட்டும் தாங்கி, வெளிச்சம் புகாத மூடி, நுளம்பு போகாத வலை, கூரையைக் கழுவி வரும் முதல் மழையை வெளியே விடும் குழாய். கிடுகுக் கூரைக்கு இது சரிவராது என்பதால் ஓட்டுக் கூரையோ தகரக் கூரையோ உள்ள ஆறு வீடுகளில் முதலில் கட்டினார்கள். கூரையோரத்தில் பொருத்தும் தகர வாய்க்காலைக் காட்டி, "இதுதான் பீலி" என்று சிஸ்டர் சொன்னபோது அப்பாயி நிமிர்ந்து பார்த்தார். மன்னாரிலும் யாழ்ப்பாணத்திலும் கூரை வாய்க்காலுக்குப் பெயர் பீலி என்பது அவருக்கு அதுவரை தெரியாது. "பீலியா? நம்ம பீலியா?" என்று இரண்டு முறை கேட்டார். அந்த நவம்பரில் தாங்கியிலிருந்து எடுத்த முதல் தண்ணீரில் பிளேன்ரீ ஊற்றி, கிளாசை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்து வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். மழைநீரில் கல்லும் இல்லை, இரும்பும் இல்லை. சாயம் மஸ்கெலியாவில் இறங்கியது போலவே இறங்கியிருந்தது. 2006 இல் இறக்கும் வரை அவர் வேறு தண்ணீரில் தேநீர் குடிக்கவில்லை.

2009 பற்றி இங்கே நீட்டி எழுதப் போவதில்லை. போரில் இடம்பெயர்ந்தவர்களை அடைத்து வைத்த மெனிக் பாம் முகாமில் தண்ணீர்ப் பவுசருக்கு வரிசையில் நின்றதைப் பலர் எழுதியிருக்கிறார்கள். நாங்கள் திரும்பி வந்தபோது தாங்கிகளில் நான்கு வெடித்துக் கிடந்தன. பம்பியின் பிடியை யாரோ கழற்றிக்கொண்டு போயிருந்தார்கள். அதற்குப் பிறகு வெளிநாட்டுச் சபையொன்றின் குழு வந்தது. நல்ல மனிதர்கள், பாட்டுப் பாடினார்கள், பிள்ளைகளோடு பந்து விளையாடினார்கள். மூன்று நாளில் புதிய கிணறு துளைத்து, மோட்டர் பொருத்தி, எங்களில் யாருக்கும் வாசிக்கத் தெரியாத மொழியில் பளிங்குக் கல் பதித்து, படம் எடுத்துக்கொண்டு போனார்கள். தண்ணீரைப் பரிசோதித்தார்களா என்று நான் கேட்டபோது, ஜெபித்தோம் என்றார் உடன் வந்தவர். பதினான்காவது மாதம் மோட்டர் எரிந்தது. கல்லிலிருந்த தொலைபேசி இலக்கம் வேலை செய்யவில்லை. அப்பூதியடிகள் தாம் வைத்த தண்ணீர்ப் பந்தலுக்குத் தம் பெயரை வைக்காமல் திருநாவுக்கரசர் பெயரை வைத்தார் என்று எங்களுக்குச் சிறுவயதில் சொல்லித் தந்தார்கள்; அந்தப் பளிங்குக் கல்லைக் கடக்கும்போதெல்லாம் அது நினைவுக்கு வருகிறது. சிஸ்டர் எங்கள் பம்பியடியில் எந்தக் கல்லும் வைக்கவில்லை. அவர் பெயரில் எங்களிடம் இருப்பது எண்ணெய்க் கறை பிடித்த அந்த மோனிற்றர் கொப்பிதான்.

அவர் 2014 நவம்பரில் காலமானார். இரண்டு மாதம் கழித்து, 2015 ஜனவரி 14 ஆம் திகதி, பாப்பரசர் பிரான்சிஸ் கொழும்பு காலிமுகத்திடலில் யோசேப் வாஸ் அடிகளைப் புனிதராக அறிவித்துவிட்டு அன்றே மடுவுக்கு வந்தார். மடுவில் கூட்டத்தோடு நின்ற எனக்கு, குடம் வைத்தவர் யார் என்று எழுதாத குறைதான் திரும்பத் திரும்ப ஞாபகம் வந்தது.

இப்போது ஊரில் ஆர்ஓ என்ற இயந்திரத்தில் வடிகட்டிய தண்ணீர் கானில் வருகிறது. வாங்கக் காசு உள்ளவர்கள் வாங்குகிறார்கள். வவுனியாவின் தெற்குப் பக்கத்தில் காரணம் இன்னும் திட்டமாக நிறுவப்படாத சிறுநீரக நோய் பரவியதிலிருந்து கிணற்றுத் தண்ணீரைக் கண்டால் எல்லோருக்கும் பயம். வெடித்த தாங்கிகளில் மூன்றை அப்பா பூசிச் சரிசெய்துவிட்டார். என் மகளுக்கு இப்போது பதினொரு வயது. தாங்கித் தண்ணீரிலேயே வளர்ந்தவள். முன்பல் இரண்டும் பால் போல இருக்கின்றன, வாயைப் பொத்தாமல் சத்தமாகச் சிரிக்கிறாள், சில நேரம் கொஞ்சம் அதிகமாகவே.

வரும் ஞாயிற்றுக்கிழமை ஏணி வைத்துப் பீலியில் கிடக்கும் பாலைச் சருகை அள்ள வேண்டும். ஒக்டோபருக்கு இன்னும் பத்து நாள்தான் இருக்கிறது. கொப்பியில் போன வருடத் திகதிக்குக் கீழே இடம் விட்டு வைத்திருக்கிறேன்.